பழைய தாருக்குப் புது வாழ்வு



உங்கள் ஊரின் பழைய வீதியொன்றை நினைத்துப் பாருங்கள். பாட்டனார் கட்டிய வீட்டிற்குள் அன்று மூன்று படிகள் ஏறி நுழைந்தோம். இன்று அதே வீட்டிற்குள் ஒரு படி இறங்கி நுழைகிறோம். வீடு அமிழவில்லை, சாலைதான் உயர்ந்துவிட்டது. பழைய சாலையின் மீதே புதிய சாலையை அடுக்கடுக்காகப் போட்டதன் விளைவு இது. மழை பெய்தால் தெருநீர் திண்ணையைத் தாண்டி முற்றத்தில் வந்து நிற்கிறது. வீட்டை இடித்து உயர்த்திக் கட்ட வசதியற்ற குடும்பங்களுக்கு இது சிறிய துன்பமன்று.

பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதுச்சாலை அமைப்பதே இதற்குரிய வழி. அவ்வாறானால், சுரண்டியதை எங்கே கொட்டுவது? கொட்டவே வேண்டியதில்லை, அதுவும் செல்வமே என்கிறது அறிவியல்.

நாம் தார் என்று அழைப்பது, கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் எஞ்சும் பிட்டுமென் என்னும் பொருளாகும். சாலைக் கலவையில் ஏறத்தாழ 95 விழுக்காடு கருங்கல் ஜல்லியும் துகளும். 5 விழுக்காடுதான் தார். ஆயினும் அத்தனை கற்களையும் பிணைத்து வைத்திருப்பது அந்தச் சிறு பங்கே.

தாருக்கும் முதுமை உண்டு. ஆலையில் 150 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும்போதே அது தொடங்கிவிடுகிறது. பின்னர் வெயிலும் காற்றின் ஆக்சிஜனும் ஆண்டுக்கணக்கில் அதனைத் தாக்குகின்றன. இளக்கம் தரும் எண்ணெய்ப் பகுதி குறைகிறது. அஸ்பால்ட்டீன் என்னும் கடினப் பகுதி பெருகுகிறது. தார் இறுகி, நொறுங்கும் தன்மை அடைகிறது. சாலையில் வெடிப்பு விழுகிறது, வெடிப்பினுள் நீர் இறங்குகிறது, பள்ளம் பிறக்கிறது.

இந்த முதுமையை அளக்க எளிய சோதனை ஒன்றுண்டு. 25 பாகை வெப்பத்தில், 100 கிராம் எடையுடன் ஓர் ஊசியைத் தாரின் மீது 5 விநாடிகள் இறங்க விடுவார்கள். 60/70 எனப்படும் தரத்துப் புதுத்தாரில் அது 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை இறங்கும். நெடுநாள் வெயில் கண்ட தாரில் 2 மில்லிமீட்டர் இறங்குவதே அரிதாகலாம்.

இழந்த இளக்கத்தைத் திரும்பத் தருவதே மறுசுழற்சியின் சூட்சுமம். பழைய கலவையுடன் மென்மையான புதுத்தாரையோ, அதற்கென உள்ள எண்ணெய்களையோ அளந்து சேர்க்கிறார்கள். பொரித்து மீந்த சமையல் எண்ணெயைக்கூட ஆய்வாளர்கள் இதற்குச் சோதித்துள்ளனர். ஆனால் அளவு முக்கியம். எண்ணெய் குறைந்தால் வெடிப்பு மீளும்; மிகுந்தால் கோடை வெயிலில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும். பழைய கலவையை நேரே தீயில் காட்டினால் மிச்சமுள்ள தாரும் கருகும். ஆகவே புதுக் கற்களை மிகையாகச் சூடாக்கி, அச்சூட்டினாலேயே பழையதை இளக வைக்கிறார்கள். இறுகிய பழம்புளி வெந்நீர் ஊற்றிய கணமே கரைவதில்லை, ஊற வேண்டும். அதுபோல் எண்ணெய் தாருக்குள் ஊடுருவவும் வெப்பமும் நேரமும் வேண்டும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கா இம்முறையில் தீவிரம் காட்டியது. நம் நாட்டில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இல் இதற்கென வழிகாட்டி நூல் வெளியிட்டது. தமிழகத்தில் 2021இல், அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே சாலை போட வேண்டுமென அறிவுறுத்தினார்.

வழி இருக்கிறது, நெறியும் இருக்கிறது. கேட்பார் வேண்டும். அடுத்த முறை உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பழையதைச் சுரண்டினீர்களா? சுரண்டியது எங்கே போகிறது? உங்கள் வாசற்படியை அடுத்த தலைமுறைக்குக் காத்துத் தர அக்கேள்விகள் உதவக்கூடும்.