கணினி அறையில் ‘தொடாதே’ என்ற சொல் வேண்டாம்

எம்.ரெட்டியபட்டியில் மாலை நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்போது, வாரத்தில் ஒரு நாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக எழுதச் சொல்வது நம் வழக்கம். போன வாரம் கொடுத்த தலைப்பு ‘நான் புதிதாகக் கற்றது’. பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் மாணவி ஒருத்தி நான்கு பக்கம் எழுதிக் கொண்டு வந்தாள். அம்மா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறவர். பிள்ளையின் பெயர் வேண்டாம், எந்தப் பள்ளி என்பதும் வேண்டாம். அவள் எழுதியது பல ஊருக்கும் பொருந்தும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும் என்று தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கில ‘ஏ’க்கு 65. யூனிகோடு முறையில் நம் ‘அ’வுக்கு 2949. அந்த எண்ணும் உள்ளே போனால் பூஜ்யமும் ஒன்றுமாக மாறிவிடும். இதை விளக்கிவிட்டு அவள் எழுதிய வரி நம்மை நிறுத்தியது: “65 சின்ன எண், 2949 பெரிய எண். ஆனால் இதில் உசத்தி தாழ்த்தி கிடையாது. எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்ல ஓர் அடையாளம், அவ்வளவுதான்.”

பிறப்பை வைத்து மேல் கீழ் என்று அடுக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது சாதாரணக் கண்டுபிடிப்பு இல்லை.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. “கணினி அறைக்குள் போனால் முதலில் கேட்பது, ‘தொடாதே, கெட்டுப் போயிரும்’. செய்முறைத் தேர்வுக்கு முன்னால் சில நாள்தான் தொட்டோம். ஒரு கணினிக்கு நாலைந்து பேர். நான் பின்னால் நின்றேன்.”

தொட்டால் கெடாது

அப்படிச் சொன்னவருக்கு வேறு நோக்கம் இல்லாமல் இருக்கலாம். பழுதானால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயமாக இருக்கலாம். ஆனால் தொடாதே என்ற சொல் எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. குடத்தைத் தொடாதே, டம்ளரைத் தொடாதே, தேர் வடத்தைத் தொடாதே என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காது நம்முடையது. அதே சொல்லைக் கணினி அறையிலும் கேட்கிற பிள்ளை, இது நமக்கான பொருள் இல்லை என்று ஒதுங்கிப் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. போன பிறகு யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் சி பிளஸ் பிளஸ் இருக்கிறது. பன்னிரண்டில் பைத்தான் இருக்கிறது. நல்ல பாடங்கள்தான். ஆனால் தொட்டுப் பார்க்காமல் மனப்பாடம் செய்யும் நிரலால் மதிப்பெண் வரும், கைப்பழக்கம் வராது. கிணற்றில் இறங்காமல் நீச்சல் படித்த கதைதான்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. வானம் பார்த்த அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் எத்தனையோ வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். கொரோனா காலத்தோடு அது நின்றது. 2025 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அரசு அறிவித்தது. வரவேற்போம். ஆனால் எந்தப் படிப்பில் சேர்வது என்று முடிவெடுக்கிற வயதில், பள்ளியில் இருக்கும்போதே கைக்குக் கிடைத்த பொருளுக்கு அது ஈடாகாது.

நம் மேல் ஏறிவிட்ட இயந்திரம்

கணினி நமக்கு எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். அது நம்மைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போன் செயலியில் படம் பிடித்துத்தான் வருகைப்பதிவு என்று ஆனது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை எல்லாமே கணினி வழியாகத்தான். இயந்திரம் ஏற்கெனவே நம் மேல் ஏறிவிட்டது. அதை இயக்கும் கை மட்டும் நம்முடையதாக இல்லை.

இதன் விலை என்ன என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகள் சாட்சி. உத்தரப் பிரதேசத்தின் தலித் மாணவர் அதுல் குமார், தினக்கூலித் தொழிலாளியின் மகன். 2024இல் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. கட்ட வேண்டிய தொகை 17,500 ரூபாய். குடும்பம் பணத்தைப் புரட்டுவதற்குள் கடைசி நாளான ஜூன் 24, மாலை 5 மணி ஆனது. இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டிவிட்டு அவர் உச்ச நீதிமன்றம் போனார். செப்டம்பர் 30 அன்று, அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டார்கள். அதற்கு முன்பு, 2021இல், மும்பை ஐஐடியில் இடம் பெற்ற தலித் மாணவர் பிரின்ஸ் ஜெய்பீர் சிங்குக்கும் இதே கதி. அவருடைய அட்டையிலிருந்து பணம் போகவில்லை, தொழில்நுட்பக் கோளாறு. அவரையும் உச்ச நீதிமன்றம்தான் காப்பாற்றியது.

இரண்டு பேர் டெல்லி வரை போனார்கள். போக முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யார் எண்ணுவது?

நம் பகுதியில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். மின்னஞ்சல் முகவரி சென்டர்காரருடையது, செல்போன் எண்ணும் பல நேரம் அவருடையதே. கடவுச்சொல் அவர் நோட்டில் இருக்கும். ஒதுக்கீட்டுச் செய்தி வரும் நாளில் கடை பூட்டியிருந்தால், பிள்ளையின் எதிர்காலமும் பூட்டிக் கிடக்கும். அதனால் பத்தாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நாம் சொல்வது இதுதான்: சொந்தமாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். கடவுச்சொல்லை நீங்களே வையுங்கள். சான்றிதழ்களை மே மாதத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், 2012இல் வந்த அரசாணை 92ஐக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கலந்தாய்வு மூலம் தனியார் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்துக்கு வழி சொல்லும் ஆணை அது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு அதை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

கணினி படித்தால் சாதி போய்விடுமா?

போகாது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2020இல் அமெரிக்காவில், சிஸ்கோ நிறுவனத்தின் மேல் கலிபோர்னியா மாநிலத் துறை ஒன்று வழக்குப் போட்டது. அங்கே பணியாற்றிய தலித் பொறியாளர் ஒருவரிடம் இந்திய மேலதிகாரிகள் சாதி பார்த்தார்கள் என்பது புகார். அவர் ஐஐடியில் பொதுப் பட்டியலில் வந்தவர் இல்லை என்று சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டதாகவும் அதில் இருந்தது. நிறுவனம் மறுத்தது. 2023இல் மேலதிகாரிகள் இருவர் மேலிருந்த வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட்டது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். கடல் கடந்து போன சாதியைப் பின்தொடர்ந்து சட்டமும் போனது என்றால், வாய் திறந்து பேசியவர்களால்தான்.

உள்ளூரிலும் பார்க்கிறோம். 2023 நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. கையில் கட்டிய கயிறு இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. செல்போன் சாதியை அழிக்கும் என்று நம்பியவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். எண்ணுக்கு உசத்தி தாழ்த்தி இல்லை. அதை ஏற்றும் மனிதனுக்குத்தான் இருக்கிறது.

அதற்காக விலகி நிற்பதா? நம் முன்னோர் அப்படி நிற்கவில்லை. அச்சு இயந்திரம் அன்றைய புதிய தொழில்நுட்பம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். தங்கள் கருத்தைத் தங்கள் பெயரில் தாங்களே அச்சிட்டார்கள். அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் அவர்கள் குரல் நமக்குக் கேட்கிறது.

நாம் தமிழ் முதுகலை படித்த காலத்தில், ஒரு கணினியில் அடித்த துண்டறிக்கை இன்னொரு கணினியில் கிறுக்கலாக விரியும். ஆளுக்கு ஓர் எழுத்துரு. இன்று யூனிகோடு வந்து அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது. தமிழ்99 விசைப்பலகையில் 31 விசைகளால் 247 எழுத்தும் அடிக்கலாம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். ஆங்கிலம் வராது என்று பயப்படும் பிள்ளையை இங்கிருந்து தொடங்க வைக்கலாம்.

கேட்க வேண்டியதையும் கேட்போம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கென்று 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் நம் தெருக்களின் சமுதாயக்கூடங்களிலும் இணைய வசதியோடு நான்கு கணினி வைக்க முடியும். கிராமசபையில் தீர்மானமாக எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்குங்கள்.

அரசு செய்யும் வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த மடிக்கணினி பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. பேட்டரி போயிருக்கலாம். மின்சாரத்தில் செருகினால் இன்னும் ஓடும். அதை இறக்கித் துடைத்துப் பிள்ளையின் முன்னால் வையுங்கள். அந்த மாணவியின் நான்கு பக்கத்தையும் அப்படி இறக்கிய ஒரு கணினியில் அவளையே அடிக்கச் சொல்லியிருக்கிறோம். இந்த முறை அவள் முன்வரிசையில் உட்காருவாள்.