முதல் கருவிப் பெட்டி

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கணவரை இழந்தவர், தையல் இயந்திரம் ஒன்றை நம்பிக் குடும்பத்தை நடத்துபவர். பையன் என்னிடம் ஓதியவன். பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஆறு மாதமாகத் தொழில் பழகி வருகிறான். அவனுடைய வலக்கைக் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது.

“ஹஜ்ரத், சொந்தமா டூல்ஸ் வச்சிருந்தாத்தான் கூலியைக் கூட்டித் தருவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. கம்மலை அடகு வச்சு ஒரு பெட்டி வாங்கிக் குடுத்தேன். ஒரு மாசம்கூட நிலைக்கலை. இவங்க அத்தா இருந்தா விசாரிச்சு வாங்கியிருப்பாங்க. இப்ப இன்னொரு பெட்டிக்கு நான் எங்க போறது?” என்றார்.

பையன் வாங்கியது நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட பளபளப்பான பெட்டி. விலையோ குறைவு. அதிலிருந்த பானா ஒன்றைக் கொண்டு ஒரு காரின் பிரேக் குழாய் நட்டைக் கழற்ற முயன்றிருக்கிறான். பானாவின் வாய் விரிந்துவிட்டது. நட்டின் முனைகள் மழுங்கின. கை வழுக்கி இரும்பில் மோதிற்று. குழாயையே மாற்ற வேண்டியதாகி, அதற்கான தொகை அவன் கூலியில் பிடிக்கப்பட்டது. ஆக, மலிவான பெட்டிக்காகக் கம்மல், கூலி, விரல் என்று மூன்று விலை கொடுத்தாகிவிட்டது.

நான் கலைப் பட்டதாரி. பானாவுக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆகவே நாற்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கும் முதிய மேஸ்திரி ஒருவரிடம் பையனை அழைத்துச் சென்று, இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து கேட்டேன். அவர் கூறியவற்றை இங்கே தருகிறேன். நம் குடும்பங்களில் மோட்டார் தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்களை அனுப்பும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

மோட்டார் தொழில் மதுரைக்குப் புதிதன்று. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் இவ்வூரில்தான் வேர்விட்டது. கோவையின் ஜி.டி. நாயுடுவோ இளமையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே தொழிலைக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். கையால் கற்ற தொழிலை இழிவாக எண்ணுவோர் இவர்களை நினைத்துப் பார்க்கலாம்.

மேஸ்திரியின் முதல் அறிவுரை, பெரிய பெட்டியை வாங்காதே என்பது. நூறு உருப்படிகளில் பாதிக்குமேல் சிறு சிறு பிட்டுகளாகவும், என்றோ ஒருநாள் தேவைப்படும் அளவுகளாகவுமே இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டி விலையைக் குறைத்தால் இரும்பின் தரம் குறைந்தே தீரும். தொடக்கக்காரனுக்குத் தேவையானவை கொஞ்சந்தான். 6-7 தொடங்கி 20-22 மில்லிமீட்டர் வரை எட்டு உருப்படிகள் கொண்ட ரிங் பானா வரிசை ஒன்று. அதே அளவுகளில் திறந்த வாய்ப் பானா வரிசை ஒன்று. தட்டை முனையும் நட்சத்திர முனையுமாகத் திருப்புளிகள் இரண்டிரண்டு. கட்டிங் பிளேயர் எனப்படும் குறடு. நீள மூக்குக் குறடு. அரைக்கிலோ அளவில் ஒரு சுத்தியல். அலன் கீ வரிசை. ஸ்பார்க் பிளக் பானா. இவற்றைக் கொண்டே பட்டறையின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம் என்கிறார் அவர்.

சாக்கெட்டுகளையும் முழு வரிசையாக வாங்க வேண்டியதில்லை. அரை அங்குலச் சதுரமுனை கொண்ட ராட்செட் பிடி ஒன்று, நீட்டிப்புத் தண்டு ஒன்று, பின்பு 10, 12, 13, 14, 17, 19 என்னும் ஆறு அளவுகள் போதும். சாக்கெட் வாங்கும்போது உட்புறம் ஆறு முனை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பன்னிரண்டு முனை உள்ளது எளிதில் மாட்டும். ஆனால் துருவேறிய, மழுங்கிய நட்டில் ஆறு முனைதான் பிடித்து நிற்கும்.

ஏன் இந்த அளவுகள் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அதே போல்ட்டுக்கு, மாருதி முதலிய ஜப்பானிய வழி வண்டிகளில் தலை 12. ஐரோப்பிய வழி வண்டிகளில் 13. பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முன்னதில் 14. பின்னதில் 16 அல்லது 17. ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இரண்டிலும் பெரும்பாலும் 10. ஆதலால்தான் பட்டறையில் எப்போதும் முதலில் தொலைவது பத்தாம் நம்பர் பானா! அம்பாசிடர், பழைய ஜீப்பு போன்றவற்றில் அங்குல அளவுகள் வரும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அங்கே 13-ஐ மாட்டினால் இடைவெளியில் வழுக்கும். அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. எனவே அங்குலப் பானாக்களை இன்று தொடங்குபவன் வாங்க வேண்டியதில்லை. தேவைப்படும் நாளில் இரவல் பெறலாம்.

இனி, தரத்தை அறிவது எப்படி? நல்ல பானா குரோம் வனேடியம் கலந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் அடித்து உருவாக்கப்படுவது. பளபளப்பு தரத்தின் அடையாளமன்று. கடைக்குப் போகும்போது பட்டறையிலிருந்து புதிய நட்டுகள் இரண்டு மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பானாவை நட்டில் மாட்டி அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் மிகுந்தால் அதை வைத்துவிட வேண்டும். அளவும் தயாரிப்பாளர் பெயரும் உலோகத்திலேயே ஆழமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா, முலாம் உரிந்திருக்கிறதா, வாயின் இரு தாடைகளும் இணையாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திறந்த வாய்ப் பானாவுக்கு ஐ.எஸ். 2028 என்றும், ரிங் பானாவுக்கு ஐ.எஸ். 2029 என்றும் இந்தியத் தர நிர்ணயங்கள் உள்ளன. உறையில் அவற்றைத் தேடலாம்.

வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவி உற்பத்திக்குப் பெயர்பெற்ற நகரங்கள். சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய தபாரியா போன்ற இந்தியத் தயாரிப்புகளை நம் பட்டறைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் நல்ல பெயருக்குப் போலியும் உண்டு. வழக்கமான விலையைவிட மிகக் குறைத்துச் சொன்னால் ஐயுற வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. ரசீது இருந்தால்தான் உடைந்ததை மாற்றித் தரும்படி கேட்க முடியும்.

பழைய கருவி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். நல்ல எஃகு முப்பது ஆண்டு உழைத்த பின்னும் புதிய மட்டமான இரும்பைவிட மேலாக இருக்கும். வெளியில் படிந்த துருவுக்கு அஞ்ச வேண்டாம்; மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் போய்விடும். வாய் விரிந்தது, வெல்டு வைத்தது, சாணை பிடித்து அளவு மாற்றியது, மயிரிழை விரிசல் கண்டது ஆகிய நான்கையும் விலக்க வேண்டும். அவற்றைவிட முக்கியமான ஒன்றுண்டு. அது யாருடைய பொருள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டறையில் காணாமற்போகும் பானாக்கள் எங்கோ ஓரிடத்தில் பாதி விலைக்குத்தான் விற்கப்படுகின்றன. இன்னொரு தொழிலாளியின் வயிற்றில் அடித்து வந்த கருவியைக் கொண்டு ஈட்டும் கூலியில் என்ன பரக்கத் இருக்கும்? கடை வைத்திருப்பவரிடமோ, தொழிலை விட்டு ஓய்வு பெறும் மேஸ்திரியிடமோ நேரடியாக வாங்குவதே நல்லது.

சிக்கனம் கூடாத இடங்களும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. செங்கல்லை அண்டக் கொடுப்பதும் கூடாது. இரும்பு ஸ்டாண்டு வைத்த பின்பே உள்ளே போக வேண்டும். சாணை பிடிக்கும்போதும் உளியில் அடிக்கும்போதும் கண்ணாடி அணிய வேண்டும். பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும். பானாவைத் தன்பக்கம் இழுத்துத் திருக வேண்டும். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளங்கையை விரித்துத் தள்ள வேண்டும். அப்போது வழுக்கினாலும் விரல் தப்பும். பானாவின் வாலில் குழாயைச் செருகி நீட்டக் கூடாது. மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற வயர்களை அதற்கெனப் பயிற்சி பெறாதவர் தொடவே கூடாது.

பையனின் விரலைப் பார்த்து மேஸ்திரி சொன்னதையும் குறிப்பிட வேண்டும். “தம்பி, பானா மட்டமானதுதான். ஆனா பிரேக் குழாய் நட்டுக்குச் சாதாரணப் பானாவைப் போடக் கூடாதுப்பா. ரிங்கிலேயே ஒரு பக்கம் பிளந்து வரும், அதைத்தான் போடணும். தெரியலேன்னா மேஸ்திரியைக் கேளு. கேக்கிறதுக்குக் காசு இல்லை.” பையன் தலைகுனிந்து நின்றான். பிரேக் என்பது அந்த வண்டியில் ஏறும் குடும்பத்தின் உயிர். நம்மிடம் விடப்படும் வண்டி நமக்கு ஓர் அமானிதம் என்பதை அவன் அன்று உணர்ந்திருப்பான்.

பணத்துக்கு என்ன வழி? அந்தத் தாயிடம் நான் கூறியது இதுதான். முதல் மாதம் ரிங் பானா வரிசை மட்டும். அடுத்த மாதம் திருப்புளியும் குறடும். அதற்கடுத்து திறந்த வாய்ப் பானா. பிறகு மாதம் ஒரு சாக்கெட். சிறுகச் சிறுகப் பெட்டி நிறைந்துவிடும், கடனும் இராது. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் கருவிகளுக்காக 15,000 ரூபாய் வரை தருகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அது பதினெட்டுக் கைத்தொழில்களுக்கு மட்டுமே உரியது; மோட்டார் மெக்கானிக் அவற்றில் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று கூறிப் பணம் கேட்கும் தரகர்களிடம் ஏமாற வேண்டாம். முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கே.புதூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு விண்ணப்பம். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவுகிறோம், நல்லது. ஒரு பிள்ளையின் முதல் பானா வரிசைக்குரிய தொகையை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்தால் என்ன? மாதந்தோறும் கூலியிலிருந்து அவன் திருப்பித் தருவான். அதே தொகை அடுத்த பிள்ளைக்குப் போகும். ஒரு தாயின் கம்மல் அடகுக்கடைக்குப் போகாது.

அந்தப் பையனிடம் இப்போது ரிங் பானா எட்டு மட்டும் இருக்கின்றன. பிடியில் தன் பெயரின் முதலெழுத்தைக் குத்தி வைத்திருக்கிறான். மாலையில் துடைத்து எண்ணிய பிறகே பட்டறையை விட்டுக் கிளம்புகிறானாம். எண்ணாமல் விட்ட பானா இன்னொருவர் வண்டியின் எஞ்சினுக்குள் கிடக்கக்கூடும் அல்லவா? நேற்று திண்ணைக்கு வந்தவன், “ஹஜ்ரத், அடுத்த மாசம் திருப்புளி வாங்கலை. முதல்ல அம்மா கம்மலைத் திருப்பணும்” என்றான். நான் வகுத்த வரிசையை அவன் மாற்றிவிட்டான். அவன் வரிசையே சரியானது.