ஏட்டுச் சுரைக்காயும் கறுப்பு அங்கியும்

பேச்சுப் போட்டியில் பரிசு பெற்று, "பெரிய வக்கீலாக வருவேன்" என்று சொல்லும் மாணவி வகுப்புக்கு ஒருத்தியாவது இருப்பாள். அவளை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறேன். நம் சட்டக் கல்லூரிகள் அவளை வழக்கறிஞராக ஆக்குகின்றனவா, அல்லது சட்டம் படித்தவளாக மட்டும் அனுப்பி வைக்கின்றனவா?

மருத்துவம் படித்தவர் நோயாளியைத் தாமே தனித்துப் பார்க்குமுன் ஓராண்டுக் காலம் ஹவுஸ் சர்ஜனாக இருந்தே தீரவேண்டும். சட்டத் துறையிலும் இது போன்ற ஏற்பாடு முன்பு இருந்தது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் பயிற்சியையும் தேர்வையும் விதித்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிவிட்டது. 1995-இல் இந்திய வழக்கறிஞர் கழகம் ஓராண்டுப் பயிற்சியை விதியாகக் கொண்டுவந்தது. அவ்வாறு விதி செய்யக் கழகத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லையென்று 1999-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கிற்று. பயிற்சி வேண்டாத ஒன்று என்பதற்காக அன்று! பின்னர் 2010-இல் அகில இந்தியத் தேர்வு வந்தது; 2023-இல் அரசியல் சாசன அமர்வு அதனை ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால் கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் நூறு வினாக்களால், எதிரே அழுதுகொண்டு அமர்ந்திருக்கும் கட்சிக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிய இயலுமா?

பாடத்திட்டத்தைக் குறை கூறுவதற்கில்லை. 2008-ஆம் ஆண்டு விதிகளில் மனு வரைதல், மாதிரி நீதிமன்றம், இரு வழக்குகளின் விசாரணையைக் கண்டு குறிப்பெழுதுதல், ஐந்தாண்டுப் படிப்புக்கு இருபது வாரப் பயிற்சி எல்லாம் உண்டு. விதியில் உள்ளது ஏட்டில் நிறைகிறது, அவ்வளவே. முன்னாண்டு மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதியே விசாரணையைக் "கண்டவர்கள்" இல்லாமலில்லை.

மாதிரி நீதிமன்றத்தை நான் வெறுப்பவள் அல்லள். கூச்சம் போக்க அதைவிட நல்ல வழி இல்லை. எனினும் அங்கே வழக்கின் நிகழ்ச்சிகள் அனைத்தும் அச்சிட்டுக் கையில் கொடுக்கப்பட்டுவிடும். உண்மை வழக்கு அப்படி வருவதில்லை. கணவன் கைவிட்ட பெண்ணொருத்தி ஜீவனாம்சம் கோரி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு எண் 125 இப்போது புதிய சட்டத்தில் 144 என்று மாணவி உடனே சொல்லிவிடுவாள். திருமணத்துக்குச் சான்று உண்டா? கணவன் எங்கே வேலை பார்க்கிறான், சம்பளம் எவ்வளவு, அதற்கு அத்தாட்சி யாரிடம் கிடைக்கும்? இரு தரப்பாரும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் பணித்துள்ளதே, அதை எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்குவது? எல்லாவற்றுக்கும் முன், இன்றிரவு அவளும் குழந்தைகளும் எங்கே தங்குவார்கள்? இவற்றை எந்தத் தேர்வுத் தாளும் கேட்பதில்லை. புதிய வக்கீல் இவற்றைத் தம் முதல் கட்சிக்காரர்களை வைத்தே கற்றுக்கொள்கிறார். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக அந்தப் படிப்புக்குக் கட்டணம் செலுத்துபவள் அந்த ஏழைப் பெண்தான்.

இதற்கு வழி வெகு தூரத்தில் இல்லை. ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் இலவசச் சட்ட உதவி மையம் நடைபெற வேண்டும் என்று அதே 2008-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டமோ, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராது சட்ட உதவி உண்டு என்கிறது. உதவி நாடுவோர் ஒருபுறம், கற்க வேண்டியோர் மறுபுறம்! கடைசி ஓராண்டை இந்த மையத்திலேயே, அனுபவமுள்ள வழக்கறிஞரின் கண்காணிப்பில் கழிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. அத்தகைய ஆசிரியருக்கு எங்கே போவது என்பீர்கள். தொழில் புரியும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம் என 1979-ஆம் ஆண்டு விதியே இடமளிக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மேற்பார்வையாளர் உடனிருக்க மாணவரே நீதிமன்றத்தில் வாதிடவும் அனுமதி உண்டு. நம் நாட்டில் அத்துணை தூரம் உடனே போக வேண்டியதில்லை. கட்சிக்காரர் சொல்வதைக் கேட்டு எழுதவும், மனு வரையவும், வழக்கு முடியும்வரை உடன் செல்லவும் மாணவியை விட்டாலே போதும்.

பயிற்சியாண்டில் சோற்றுக்கு என்ன வழி என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு நகரங்களில் மாதம் ரூ. 20,000, கிராமப் பகுதிகளில் ரூ. 15,000 தரலாம் என்று வழக்கறிஞர் கழகம் 2024-இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயம் அன்று. மையத்தில் பணிபுரியும் மாணவிக்கு அரசு ஒரு தொகை அளித்தால், வசதியற்ற வீட்டுப் பெண்ணும் அந்த ஓராண்டைத் தாங்குவாள்.

மகளைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர்களே, கட்டடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சட்ட உதவி மையம் எந்த அறையில் இருக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறார்கள், சென்ற மாதம் எத்தனை பேர் அங்கு வந்தார்கள் என்று கேளுங்கள்.