விழுறதுக்கு ஆளே இல்லாத சைக்கிள்!

ஸ்வீடனின் இல்யூஷன் லேப்ஸ் 2018-ல் இறக்கிய 'டச்கிரைண்ட் பி.எம்.எக்ஸ் 2' கேம்ல சைக்கிள் இருக்கும். ஓட்டுறவர் இருக்க மாட்டார். ஹேண்டில்பார்ல ஒரு விரல், சீட்ல ஒரு விரல். அவ்ளோதான். சொதப்பினா மறுபடி ஸ்டார்ட். பசங்களுக்குப் பிடிச்சதே அதுதான்.

ரோட்ல மறுபடி ஸ்டார்ட் கிடையாது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பைக்கில் வீலிங் செய்த யூடியூபர் டி.டி.எஃப் வாசனுக்குக் கை முறிஞ்சது. லைசென்ஸும் 10 வருஷத்துக்கு ரத்து.

கேஸ் போடுறது சரி. ஆனா, பி.எம்.எக்ஸ் ஃப்ரீஸ்டைல் 2021-லேயே டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்தாச்சு. மெட்ரோ வேலை நடக்குற கீழ்க்கட்டளையில ஒரு பையன் இதை எங்கே பழகுவான்? போனைக் கீழே வச்சா, ரேடியல் ரோடுதான். தாம்பரம் மாநகராட்சி பார்க்ல நடைபாதை போடும்போது, ஓரமா ஒரு ராம்ப்பும் கட்டலாமே!