கறுப்புச் சட்டையும் காளி சந்நிதியும்

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, வெள்ளவத்தை மயூரபதி பத்திரகாளி அம்மன் கோயிலில் தரிசனம் முடித்துத் திரும்புகையில், நம் மாணவனொருவனின் தாயார் நம்மை நிறுத்தினார். "மாஸ்டர், இவன் கறுப்பைத் தவிர வேறொன்றும் உடுக்கிறானில்லை. மண்டையோட்டு மோதிரம் வேறை. கேட்டால் 'கோத்' என்கிறான். பிள்ளை பேய் வணக்கத்தில் இறங்கிவிட்டானோ என்று பயமாய்க் கிடக்குது" என்றார். பையன் சற்று அப்பால் தலைகுனிந்து நின்றான். அவன் நெற்றியில் திருநீறு இருந்தது.

அவ்வம்மையாரின் அச்சம் பலருடைய அச்சம். ஆகவே இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

'கோத்' என்பது ஒரு மதமன்று. 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஒருவகைச் சங்கீதத்தையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த உடைப் பாங்கையும் குறிக்கும் பெயர் அது. 1982இல் இலண்டனில் திறக்கப்பட்ட 'பாட்கேவ்' என்னும் இரவு விடுதி அதற்கொரு நிலைக்களனாயிற்று. துயரத்திலும் மரண நினைவிலும் ஓர் அழகைக் காணும் ரசனை அவர்களுடையது. அவர்களுள் கிறிஸ்தவர் உண்டு. ஐரோப்பாவின் பழந்தெய்வங்களை வழிபடுவோர் உண்டு. கடவுள் இல்லையென்பாரும் உண்டு. சிலுவையும், எகிப்தியரின் உயிர்க்குறியும் அவர்களுட் பலருக்கு வெறும் ஆபரணங்களே.

உடையைக் கண்டு உள்ளத்தை அளப்பதால் விளையும் கேடு சிறிதன்று. 2007இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாநிலத்தில், சோபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண் ஒரு பூங்காவில் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டு உயிரிழந்தாள். அவள் செய்த குற்றம் கோத் உடை அணிந்தமை ஒன்றே. 2013 முதல் மான்செஸ்டர்ப் பெருநகரப் பொலிஸார் இத்தகைய தாக்குதல்களையும் வெறுப்புக் குற்றங்களாகப் பதிவுசெய்யத் தொடங்கினர்.

மண்டையோட்டைக் கண்டு சைவராகிய நாமா அஞ்சுவது? நம் இறைவன் சுடலைப்பொடி பூசித் தலைமாலை அணிந்து ஈமத்தில் ஆடுபவன். பேய் வடிவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார் அறுபத்துமூவருள் ஒருவர். இவற்றின் பொருளறியாத பிறர் சென்ற நூற்றாண்டுக்கு முன் நம் வழிபாட்டை இகழ்ந்தபோது, 1854இல் நாவலர் பெருமான் 'சைவதூஷண பரிகாரம்' எழுதி விடையிறுத்தார். பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவராதலின், எதிர்த்தரப்பின் நூலையும் அவர் நன்கறிவார். அறிந்தபின் பேசுவதே அவர் காட்டிய நெறி.

இளைஞருக்கும் ஒரு சொல். காளியின் தலைமாலையைப் பயங்கரத்துக்காக மட்டும் விரும்புவதும் அறியாமையே. அது யாக்கை நிலையாமையை உணர்த்துவது. அதனை அணிந்தவளோ தாய்.

நாம் பையனை அருகழைத்து, "ஏன் தம்பி இந்தப் பாட்டுகள்?" என்றோம். அவன் மெல்லச் சொன்னான்: "அப்பா போய் இரண்டு வருஷம், சேர். வீட்டில் ஒருவரும் அவரைப் பற்றிக் கதைப்பதில்லை. இந்தப் பாட்டுகளில்தான் சாவைப் பற்றிக் கதைக்கினம்."

தாயார் ஒன்றும் பேசவில்லை. மகனின் கையைப் பற்றிக்கொண்டார். மோதிரமணிந்த கை அது. இருவரும் காலி வீதி நோக்கி நடந்தனர்.

பெற்றோரே, பிள்ளையின் சட்டை நிறத்தைக் கண்டு கலங்குமுன், அவன் மனத்திலுள்ளதைக் கேட்டறியுங்கள்.