மேல்வீட்டு "டம் டம்" கீழ்வீட்டு நெஞ்சுல ஏன் இடிக்குது?

1/ மேல்வீட்டு ஸ்பீக்கரால தூக்கம் கெடுறவங்க புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "என்ன பாட்டுன்னே தெரியல டாக்டர், டம் டம்னு அதிர்வு மட்டும் வருது." மேல்வீட்டுல கேட்டா, "சத்தம் கம்மியாத்தான் வச்சிருக்கோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க." ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். காரணம் பேஸ்.

2/ குரல், வயலின் மாதிரி உச்ச ஒலிகளைச் சுவரும் கதவும் ஓரளவு தடுத்துடும். பேஸ் அப்படி இல்ல. 50 ஹெர்ட்ஸ் ஒலியோட அலைநீளம் சுமார் 7 மீட்டர். அது சுவரைத் தாண்டி வந்துடும். அதோட, தரையில வச்ச பெட்டி காங்கிரீட் தளத்தையே அதிர வைக்கும். உங்க தரைதான் அவங்க கூரை. அந்தக் கூரையே அவங்களுக்கு ஸ்பீக்கர் ஆகிடுது.

3/ "பழகிடும்" என்பது பாதி உண்மைதான். மனசு பழகலாம், உடம்பு முழுசாப் பழகுறதில்லை. நாம முழிக்காமலே தூக்கத்துல இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். பிபி இருக்கிற பெரியவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிற தாய், நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகல்ல தூங்குறவர், இவங்களுக்கெல்லாம் இது சின்ன விஷயம் இல்ல. படுக்கையறைக்குள்ள 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, பேஸ் அதிகம்னா அதை விடவும் குறையணும்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லியிருக்கு.

4/ நம்ம சட்டப்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். ஆனா அதை அளக்கிற "ஏ" அளவீடு, பேஸைக் குறைச்சுத்தான் காட்டும். 50 ஹெர்ட்ஸ்ல சுமார் 30 டெசிபல் கழிச்சிடும். அதாவது 75 டெசிபல் "டம் டம்" மீட்டர்ல 45ன்னு தெரியும். வரம்புக்குள்ள இருக்கு, ஆனா ஆள் தூங்கல! பேஸைக் கழிக்காத "சி" அளவீட்டையும் சேர்த்து எடுக்கணும் என்பது என் கருத்து.

5/ "இது சென்னை அபார்ட்மென்ட் பிரச்சனை, எங்க மலைக்கு எதுக்கு?"ன்னு கொல்லிமலைக்காரங்க கேக்கலாம். தேவனூர் நாடு மாதிரி இடத்துல சரிவுல கீழ இருக்கிற வீடுதான் கீழ்வீடு. இரவுல தரை குளிர்ந்து, குளிர்காத்து பள்ளத்துல தங்கும்போது ஒலி மேல போகாம கீழ வளைஞ்சு தூரமாப் பரவும். ஊரும் அமைதியா இருக்கிறதால பேஸ் தனியாத் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கேம்ப் ஃபயர் போடுறவங்க இதை யோசிக்கணும்.

6/ ஆடியில நடக்கிற வல்வில் ஓரி விழா, கோயில் திருவிழா எல்லாம் வேற கணக்கு. அதுக்கு வருஷத்துல அதிகபட்சம் 15 நாள், இரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். மத்த நாள்ல இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லுது. டூரிஸ்ட், உள்ளூர்க்காரர் எல்லாருக்கும் அதே விதிதான்.

7/ வீட்டுல செய்ய வேண்டியது:
• முதல்ல பேஸைக் குறைங்க. சப்வூஃபரை ராத்திரி அணைச்சிடுங்க.
• பெட்டியை மூலையில வைக்காதீங்க. ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைக் கூட்டும்.
• தரையில நேரா வைக்காம, ஸ்டாண்டுல, அடியில தடிமனான ரப்பர் வச்சு நிறுத்துங்க. மெல்லிய பாய் போதாது. ரப்பர் தரை வழி அதிர்வைத்தான் குறைக்கும், காத்து வழி வர்றதைக் குறைக்காது.
• கீழ்வீட்டுக்காரரைப் போன்ல வச்சுக்கிட்டே, அவங்க படுக்கையறையில கேக்காத அளவுக்குக் குறைங்க. அந்த இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.
• 10 மணிக்கு மேல ஹெட்ஃபோன்.

8/ பலன் தராதது: சுவர்ல முட்டை அட்டை ஒட்டுறது. அது அறைக்குள்ள எதிரொலியைக் கொஞ்சம் மாத்தும், பேஸை நிறுத்தாது. கீழ இருக்கிறவங்க காதுல பஞ்சு வச்சாலும் உச்ச ஒலிதான் குறையும், அதிர்வு அப்படியே இருக்கும். அதனால இதைச் சரிசெய்ய முடிஞ்சவர் ஸ்பீக்கர் வச்சிருக்கிறவர்தான்.

9/ கீழ்வீட்டுக்காரங்களுக்கு: சண்டையில ஆரம்பிக்காதீங்க. "சத்தத்தைக் குறைங்க"ன்னு சொல்றதை விட "பேஸை மட்டும் குறைங்கண்ணா, ராத்திரி தூக்கம் வரல"ன்னு சொல்லிப் பாருங்க. பாட்டும் நிக்காது, நீங்களும் தூங்கலாம்.