உப்புக் காத்துல தம்புள்ஸ்!

செமஸ்டர் லீவு விட்டாச்சு. காலேஜ் திறக்கிறதுக்குள்ள ஆர்ம்ஸ் ஏத்திடணும்னு முடிவும் பண்ணியாச்சு. 'வீட்லயே ஜிம் போடப்போறேன் மாப்ள'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுற மண்டபத்துப் பசங்க, பொண்ணுங்க எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க. ஈரோட்டுக்காரருக்குச் சொல்ற யோசனை உங்களுக்குச் சரிப்படாது. காரணம், நம்ம ஊர்க் காத்து!

இரும்பை அரிக்கிறதுல இந்தக் காத்துக்குத் தனி மரியாதையே உண்டு. காரைக்குடியில இருக்கிற சிக்ரி, அதாங்க மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருவைப் பத்தி ஆராயறதுக்கு மையம் போட்டதே நம்ம மண்டபத்துலதான். 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்புல வலுவிழந்து, 2022 டிசம்பர்ல ரயிலையே நிறுத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட்னு ஏகப்பட்ட கவசம். ரயில்வேயே பயப்படுற காத்து, மொட்டை மாடியில கிடக்கிற உங்க தம்புள்ஸை மட்டும் சும்மா விட்டுடுமா என்ன?

மேட்டர் இதுதான். காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைஞ்சுடும். கடற்கரையில அது சாதாரணம். ஆக, ராடு மேல உப்புத்தூசி படிஞ்சிருந்தா, மழையே பெய்யலைன்னாலும் அது நனைஞ்ச மாதிரிதான். பளபள குரோமியம் பூச்சைப் பார்த்து மயங்காதீங்க. பூச்சுல ஊசிமுனை ஓட்டை இருந்தா போதும், உப்பு உள்ளே இறங்கி அடியில துரு கிளம்பும். மேல்பூச்சு செதில் செதிலா உரியும். அந்தச் செதில் உள்ளங்கையைக் கிழிச்சா தெரியும் சேதி!

அதைவிடப் பெரிய விஷயம் துட்டு. நாம லீவுக்கு வர்ற மே மாசம் எப்படிப்பட்ட மாசம்? ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். அந்த நேரத்துல அப்பாகிட்ட போய் 'மல்டி ஜிம் வாங்கித் தாங்க'ன்னு நிக்கிறது நல்லாவா இருக்கு? மல்டி ஜிம் இங்கே தேவையே இல்லைங்கிறது என் கட்சி. அதோட உயிர் ஒரு கம்பி வடம். வடத்துக்குள்ள உப்பு இறங்கினா வெளியே தெரியாமலே இழை இழையா அறுந்துகிட்டு இருக்கும். முழுசா அறுந்தா எடை விழும், நீங்க பின்னாடி விழுவீங்க.

அப்போ என்னதான் வாங்குறது? ரெண்டு சின்ன ராடு, கழட்டி மாட்டுற பிளேட் கொஞ்சம். அவ்ளோதான். பிளேட் மாத்த முடியாத தம்புள்ஸ் வாங்காதீங்கன்னு சொல்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 5 கிலோவுக்கு அடுத்து 7.5 கிலோ ஜோடிக்குத் தாவினா, ஒரே நாள்ல 50 சதவிகிதம் ஏத்துறீங்க. தோள் தாங்காது பாஸ்! 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்ல 149 கிலோவை ஸ்நாட்ச்ல தூக்கித் தங்கம் வாங்கினாரே நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம், அந்த லெவல் போட்டியிலேயே ஒரு கிலோ கூட்டினா போதும்னுதான் விதி. எடை குறைஞ்ச சின்ன பிளேட் நாலு இருந்தா உங்க பாடு சுலபம். ராடு கனமும் பிளேட் ஓட்டையும் பொருந்துதான்னு கடையிலேயே மாட்டிப் பாருங்க. ஒலிம்பிக் பிளேட்டோட 50 மில்லிமீட்டர் ஓட்டை, சாதா ராடுல லொடலொடன்னு ஆடும்.

பிளாஸ்டிக் ஓட்டுக்குள்ள சிமென்ட் அடைச்ச பிளேட் மலிவு. இரும்போட ஒப்பிட்டா அதே எடைக்கு இடத்தைக் கிட்டத்தட்ட மூணு மடங்கு அடைக்கும். ஆனா துருப்பிடிக்காதே! மண்டபத்துக்கு அது ஒண்ணும் கேவலமில்லை, கீழே போட்டு உடைக்காம இருந்தா சரி. செகண்ட் ஹேண்ட்ல 'இரும்பு'ன்னு சொல்லி விக்கிறாங்களா? ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க. அப்படியே மீன் எடை போடுற அண்ணன்கிட்ட கெஞ்சித் தராசுல ஏத்துங்க. குட்டு வெளிப்பட்டுடும்.

பழைய பெஞ்ச் விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்க. அதோட கால் வெறும் குழாய். உள்ளேயிருந்து அரிச்சிருந்தாலும் வெளியே பெயின்ட் புதுசு மாதிரியே சிரிக்கும். அதுல தனியா மல்லாந்து படுத்து, ராடு நழுவிக் கழுத்துக்கு வந்துட்டா? தூக்கிவிட ஆள் வேணும். ஆள் இல்லாத நாள்ல தரையில படுத்து தம்புள்ஸை வெச்சு அதே பயிற்சியைச் செய்யுங்க. முடியலைன்னா ரெண்டு பக்கமும் இறக்கி வெச்சிடலாம். உயிருக்கு உத்தரவாதம்.

தங்கச்சிங்களே, இது பசங்க சமாசாரம்னு ஒதுங்காதீங்க. 2000 சிட்னி ஒலிம்பிக்ல கர்ணம் மல்லேஸ்வரி தூக்கினது மொத்தம் 240 கிலோ. ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண்ணே அவர்தான். இடுப்புல தண்ணிக் குடத்தோட நடக்கிற நம்ம ஊர் அக்காக்களுக்கு பலத்தைப் பத்தி நாம பாடம் எடுக்கவும் வேணாம். தம்புள்ஸ் வாங்க வழியில்லையா? 20 லிட்டர் தண்ணி கேன் நிரம்பினா ஆண்களோட ஒலிம்பிக் வெறும் ராடு எடை, 20 கிலோ. முதுகை வளைக்காம, முட்டியை மடக்கி அதைத் தூக்கிப் பழகினாலே நாலு வாரம் ஓடிடும். வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கன்னுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. தினமும் மாடு மாதிரி மாங்கு மாங்குன்னு அடிக்கத் தேவையில்லை.

கடைசியா பராமரிப்பு. மாடியில வேணாம், ஜன்னலைச் சாத்தி வெக்கிற உள்ரூம்தான் சரி. பயிற்சி முடிஞ்சதும் நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. வியர்வையும் உப்புதானே? அப்புறம் காய்ஞ்ச துணி, அதுக்கு மேல தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. மறுநாள் தூக்கறதுக்கு முன்னாடி கைப்பிடியில எண்ணெயைத் துடைச்சிடணும், இல்லேன்னா வழுக்கிக் கால்ல விழும். அந்தத் துணியையும் அப்பப்போ அலசிப் போடுங்க. உப்பேறின துணியால துடைச்சா, நீங்களே உக்காந்து உப்புத் தடவுற கதைதான்!